வலது மூலைப் புதர்

செல்மா பக்னரின் வீடு அந்த இடத்தில் இல்லை என்று அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தபோது, அவள் அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வள்ளிக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தாள். பிறகு எதிர்வீட்டு ஹோப்டன் ஃபேசியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். ஃபேசி கொத்தனார். ஃபெலிசிட்டி ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் கல்லறை கட்டி, பெயரும் தேதியும் செதுக்குகிறவர். எழுத்து விஷயத்தில் அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

ஃபேசி உரக்கப் படித்தார். "1821-ஆம் ஆண்டு ஓவியர் ஜோசையா ஃபென்விக் வரைந்த 'ஃபெலிசிட்டி தோட்டத்தின் இனிய தோற்றம்' என்னும் ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு, மேற்படி தோட்டத்தை அதன் உண்மை நிலைக்கு மீட்க மரபுக் காட்சி வாரியம் தீர்மானித்துள்ளது. ஓவியத்தைப் பரிசீலித்ததில் தங்கள் வீடு அதில் காணப்படவில்லை. ஆகவே தங்கள் வீடு அங்கு இல்லை. இல்லாத வீட்டை நாற்பத்தைந்து நாட்களுக்குள் அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

"இல்லாத வீட்டை எப்படிய்யா அப்புறப்படுத்துறது?" என்றாள் செல்மா.

"கஷ்டமான வேலைதான். அதனாலதான் நாப்பத்தஞ்சு நாள் குடுத்திருக்கான்," என்றார் ஃபேசி.

வீடு போனால் செல்மா தங்கை வீட்டில் போய் ஒண்டிக்கொள்வாள். வயிற்றெரிச்சல் அதுவல்ல. வீட்டுக்கு முன்னால் எட்டுக் கல்லறைகள் இருந்தன. அவளுடைய தாத்தாவின் தாத்தாவிலிருந்து ஆரம்பித்து, நாலு வருஷத்துக்கு முன் போன அம்மா ஐரிஸ் வரைக்கும் எல்லோரும் அங்கேதான் படுத்திருந்தார்கள். வெறும் பத்தொன்பது வருஷம் கரும்பு வெட்டியவள் செல்மா. ஐரிஸ் நாற்பத்தொரு வருஷம் வெட்டியவள். செத்தபிறகாவது யாரும் தன்னை எழுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்மா சரியென்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை வாரியத்தின் அளவை அதிகாரி கிரிசில் வந்து இறங்கினார். குன்றின்மேல் இருந்த பழைய துரை பங்களாவின் வராந்தாவில்தான் ஃபென்விக் உட்கார்ந்து வரைந்தானாம். அதே இடத்தில் ஒரு நாற்காலியை ஆணியடித்து நிறுத்தினார்கள். கிரிசில் அதில் உட்கார்ந்து, ஓவியத்தின் பிரதியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஊரைப் பார்ப்பார். படத்தில் இருப்பது ஊரில் இல்லையென்றால் வைக்கச் சொல்வார். ஊரில் இருப்பது படத்தில் இல்லையென்றால் எடுக்கச் சொல்வார். அவருக்குப் படிப்பு அதற்குத்தான்.

முதல் வாரம் மின்கம்பங்கள் போயின. ஊர் இருண்டது. இரண்டாம் வாரம் பேரீச்சை மரங்கள் லாரியில் வந்தன. எங்கள் தீவில் அந்தப் பக்கம் யாரும் பேரீச்சையைப் பார்த்ததில்லை. ஃபென்விக்குக்குப் பேரீச்சை வரைய நன்றாக வரும், அவ்வளவுதான். படத்தில் கரும்பு முழங்கால் உயரம். கரும்புக்குள் போய்ப் பார்த்த ஆள் அப்படி வரையமாட்டான். ஆனாலும் ஆளுயரக் கரும்பை வாரம் ஒருமுறை முழங்கால் அளவுக்கு நறுக்க இரண்டு பேரை நியமித்தார்கள். படத்தில் மூன்று மாடுகள் இடதுபக்கம் பார்த்து நின்றன. ஊர் மாடுகள் இஷ்டத்துக்குத் திரும்பின. கிரிசில் அவற்றின்மேல் ஒரு தனிக் கோப்பு திறந்தார்.

செல்மாவின் வீட்டுக்கு அவர் நேரிலேயே வந்தார்.

"பட்டா இருக்காம்மா?"

"குடும்ப நிலம் சார். பட்டா யாரும் எழுதலை. இதை விக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. குடும்பத்துல பொறந்த எல்லாருக்கும் சொந்தம்."

"ஆதாரம் ஏதாவது?"

செல்மா சீமைப்பலா மரத்தைக் காட்டினாள். "என் தொப்புள்கொடியை இதோ, இந்த மரத்தடியிலதான் புதைச்சாங்க. எங்கம்மாவோடது அந்த மாமரத்தடியில."

கிரிசில் குறிப்பேட்டில் எழுதினார்: ஆவணம், தொப்புள்கொடி. நேரில் சமர்ப்பிக்கப்படவில்லை.

"கல்லறையெல்லாம் இருக்கே சார். நாலு தலைமுறை சமாச்சாரம்."

"இருக்கும்மா. நான் பாக்கறேன். ஆனா நான் பாக்கறது முக்கியமில்லையே. இந்த இடத்துல படத்துல என்ன இருக்கு பாருங்க." பிரதியை நீட்டினார். வலது கீழ்மூலையில் கொழுத்த பச்சைப் புதர் ஒன்று இருந்தது. "புதர். அவ்வளவுதான். என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. மேல போய்க் கேளுங்க."

மேலே போனாள். விடியுமுன் மினிபஸ் பிடித்து, மடியில் கோழிக்கூண்டு வைத்திருந்த ஒருவனுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நசுங்கி, தலைநகர் கிங்ஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாரியத்தில் முதல் ஜன்னலில் 'காட்சியில் சேர்ப்பதற்கான விண்ணப்பம்' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஒன்பதாம் கேள்வி: 1821-ல் விண்ணப்பதாரரின் வீட்டை நேரில் கண்ட இருவரின் கையொப்பம்.

"அவங்கல்லாம் செத்துப்போயிட்டாங்களேம்மா," என்றாள் செல்மா.

"அப்ப இறப்புச் சான்றிதழ் இணைக்கணும்," என்றாள் ஜன்னலுக்குள் இருந்தவள்.

மூன்று மணிக்கு வாரியத் தலைவர் டாக்டர் பென்னிகுக் அவளை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனுஷர். அவளை உட்காரச் சொன்னார், ஏலக்காய் பிஸ்கட் கொடுத்தார். சுவர் முழுக்க அந்தப் படம் மாட்டியிருந்தது. செல்மா அதை முதல்முறையாகப் பெரிதாகப் பார்த்தாள்.

"பாருங்கம்மா," என்றார் பென்னிகுக். "ஃபென்விக் நேர்மையானவர். கண்ணால கண்டதைத்தான் வரைவார். அவர் வரையலைன்னா அது இல்லை. உங்க வீட்டு மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. ஆனா நான் ஒரு ஆய்வாளன். ஆதாரம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் நின்னா, நான் ஆதாரத்தோடதான் நிக்கணும். ஆள் வரும், போகும்."

செல்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை நீட்டி எண்ணினாள்.

"பதினோரு பேர் இருக்காங்க சார். நாலு பேர் ஆடுறாங்க. மூணு பொம்பளைங்க தலையில கூடை வச்சிக்கிட்டு சிரிக்கிறாங்க. ரெண்டு பேர் மரத்தடியில சாப்பிடுறாங்க. ஒருத்தன் பிடில் வாசிக்கிறான். ஒருத்தன் துரையோட குதிரையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறான்."

"அழகா கவனிச்சிருக்கீங்க."

"பின்னால வண்டியில பீப்பாய் பீப்பாயா சர்க்கரை ஏறுது. கரும்பை வெட்டினது யாரு? ஒருத்தர் கையிலயும் கத்தி இல்லையே."

பென்னிகுக் முகம் மலர்ந்தது. "அதனாலதான் தோட்டத் தொழிலைப் பத்தி நம்ம நாட்டுல இருக்கற தலைசிறந்த ஆவணம் இது. தொழில் எவ்வளவு இலகுவா நடந்திருக்கு பாருங்க."

செல்மா தன் இடது கையை மேஜைமேல் வைத்தாள். அதில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. "நான் பத்தொன்பது வருஷம் வெட்டினேன் சார்."

பென்னிகுக் அந்தக் கையைப் பரிவோடு பார்த்தார். "மன்னிக்கணும்மா. உங்க முறையில ஏதோ கோளாறு இருந்திருக்கு."

வெளியே வரும்போது ஒரு விளம்பரப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் அந்தப் பதினோரு பேரையும் 'துரையின் நீண்டநாள் விருந்தினர்கள்' என்று போட்டிருந்தது. செல்மா அதை மடித்து மினிபஸ் சீட்டில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஊர் திரும்பினாள்.

வாரியத்துக்கு இதற்குள் வேறொரு தலைவலி வந்திருந்தது. படத்தில் பதினோரு ஆட்கள் இருந்தால் ஊரிலும் பதினோரு ஆட்கள் இருந்தாக வேண்டுமே. சர்க்கரை ஆலை மூடிய ஊரில் வேலை என்று சொன்னால் யார் வரமாட்டார்கள்? ஊர்க்காரர்களை வரிசையில் நிறுத்திக் கிரிசில் பொறுக்கினார். ஃபேசிக்கு நான்காம் எண் கிடைத்தது. அறுபத்திமூன்று வயது, இரண்டு முழங்காலிலும் வாதம். நான்காம் எண் துள்ளி ஆடுகிறவன். வலது காலைத் தூக்கியபடி நிற்க வேண்டும்.

செல்மாவுக்கு ஏழாம் எண்.

"கூடைக்காரி," என்றார் கிரிசில். "வலது கையால கூடையைப் பிடிக்கணும். இடது கையை முதுகுக்குப் பின்னால வச்சிக்குங்க, படத்துல விரல் முழுசா இருக்கு. அப்புறம் சிரிக்கணும். பல்லு தெரியணும்."

"எதுக்குச் சிரிக்கிறா அவ?"

"அது ஆவணத்துல இல்லைம்மா."

செல்மா ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டதற்கு ஃபேசி கோபித்தார். "உன் வீட்டை இடிக்கிறவன்கிட்டயே கூடை சுமக்கிறியே, உனக்கு வெக்கமா இல்லை?"

"உள்ள நின்னாதான்யா என்ன நடக்குதுன்னு தெரியும். நீ காலைத் தூக்கு, பேசாத."

தெரியத்தான் செய்தது. திறப்பு விழாவில் மாட்டுவதற்காக அசல் ஓவியத்தைப் பங்களாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பழைய படங்களைச் சுத்தம் செய்கிற அல்தியா என்ற பெண் சாப்பாட்டு அறையில் அதைக் கிடத்தி, பஞ்சால் அங்குலம் அங்குலமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது செல்மா. ஒரு வியாழக்கிழமை சுட்ட கிழங்கும் உப்புமீனும் கொண்டுபோனபோது, அல்தியா பஞ்சைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"மிஸ் செல்மா, இங்க வாங்க. இந்தப் புதரைப் பாருங்க."

"தெரியுமே. என் வீட்டைத் தின்ன புதர்."

"இது மேல பூசினது. வார்னிஷோட சேர்ந்து கழண்டு வருது. அடியில வேற படம் இருக்கு."

மூன்று நாளில் புதர் முழுக்கக் கழன்று வந்துவிட்டது. அடியில் ஆறு குடிசைகள் இருந்தன. குடிசைகளுக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கங்காணி சாட்டையை ஓங்கியிருந்தான். கொஞ்சம் தள்ளி நாலு பேர் ஒரு பலகைப் பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். குழி எந்த இடம் என்று செல்மாவுக்கு உடனே தெரிந்தது. எட்டுக் கல்லறைகளில் மிகப் பழையதன் தலைமாட்டுக்குப் பக்கத்தில்.

"யாரு இதை மறைச்சது?"

"வரைஞ்சவனேதான். காசு குடுத்து வரையச் சொன்னது துரை. அவன் பாத்துட்டு, இது நல்லால்லை, இங்க ஒரு புதர் வைன்னு சொல்லியிருப்பான். அந்தக் காலத்துப் படத்துல புதர் எங்க கொழுத்து இருந்தாலும் நான் சந்தேகப்படுவேன் மிஸ் செல்மா."

செல்மா அந்தக் குனிந்த பெண்ணின் முதுகைப் பார்த்தாள். ஐரிஸ் அப்படித்தான் குனிவாள். ஆத்திரம் வந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அப்ப என் வீடு படத்துல இருக்கு," என்றாள்.

வாரியம் அவசரமாகக் கூடியது. ஏழு உறுப்பினர்களும் பங்களாவுக்கே வந்து, அந்தப் படத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செல்மாவைக் கதவருகில் நிற்க அனுமதித்தார்கள். முதலில் கிரிசில் எழுந்தார். விதிப்படி நடக்கிற மனுஷர்.

"படத்தில் இருப்பது இடத்தில் இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் மூன்றாம் விதி. ஆகவே குடிசைகளை அங்கீகரிக்க வேண்டியிருக்கிறது. கங்காணி பதவிக்கு விளம்பரம் தயார் செய்துவிட்டேன். சாட்டை பயன்படுத்தியதில் முன் அனுபவம் விரும்பத்தக்கது. பெட்டிக்குள் இருப்பவர் பதவி தற்காலிகமானது."

"பெட்டிக்குள்ள இருக்கறவருக்கு மத்தியான இடைவேளை உண்டா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசினார்கள். செல்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் பென்னிகுக் எழுந்தார்.

"நண்பர்களே, நாம் ஓவியத்தை மதிக்கிறவர்கள். ஓவியத்துக்கு அடியில் இருப்பதை மதிக்கிறவர்கள் அல்ல. இருநூறு ஆண்டுகளாக உலகம் பார்த்து மகிழ்ந்தது இந்தப் புதரைத்தான். பள்ளிப் புத்தகத்தில் இந்தப் புதர் இருக்கிறது. தபால்தலையில் இருக்கிறது. என் ஆராய்ச்சி நூலில் பதினான்கு பக்கம் இந்தப் புதரைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன். ஒரு கலைஞன் யோசித்து, முடிவெடுத்து, அழகாக மூடிவைத்த ஒன்றைத் திறந்து பார்ப்பது நாகரிகம் அல்ல. மேலும், விருந்தினர்கள் வராந்தாவில் அமர்ந்து பானம் அருந்துவார்கள். அவர்கள் எதிரில் சாட்டையை வைத்துக்கொண்டு நாம் என்ன பேச முடியும்?"

கைதட்டினார்கள். புதரை மறுபடி தீட்டச் சொல்லி உத்தரவானது. அல்தியா மாட்டேன் என்றாள். அவளைப் பழைய நாணயம் துடைக்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டு வேறொருவனைக் கொண்டுவந்து தீட்டினார்கள். செல்மாவின் வீட்டுக்கு ஒரு சலுகையும் வழங்கினார்கள். இடிக்க வேண்டாம், ஆனால் முன்னால் புதர் வைக்கப்படும், அவள் அதற்குப் பின்னால் வசித்துக்கொள்ளலாம். அடுப்புப் புகை வெளியே வரக்கூடாது. துணி காயப்போடக்கூடாது. வராந்தாவரை கேட்கும்படி பேசக்கூடாது.

"பாருங்க, உங்க வீடு இப்ப அதிகாரபூர்வமா இருக்கு," என்றார் பென்னிகுக், அவள் கையைக் குலுக்கி. "வெளியில தெரியாது, அவ்வளவுதான்."

புதர் வைக்க மண் தோண்டும் இயந்திரம் வந்தது. புதர் உடனே கொழுத்துத் தெரிய வேண்டும் என்பதால் மெல்லிய மூங்கிலை வளர்ந்த தூராகவே கொண்டுவந்து, கல்லறைகளுக்கு நடுநடுவே குழி பறித்து நட்டார்கள். செல்மா இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றாள். போலீஸ்காரன் ஒருவன் தோளைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்தான். "சித்தி, எனக்கும் இது பிடிக்கலை. ஆனா உக்காருங்க," என்றான். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இயந்திரத்தின் இரும்பு வாய் ஐரிஸின் கல்லறையில் இடித்தது. தலைமாட்டிலிருந்து இடுப்புவரை விரிசல் ஓடியது.

செல்மா போய் அதன்மேல் கையை வைத்தாள். யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்வேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவள் அவள்தான்.

"மன்னிக்கணும்மா," என்றார் கிரிசில். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு பிரதியைப் பார்த்தார். "விரிசல் வெளியில தெரியாது. மூங்கில் மறைச்சிடும்."

அன்று சாயங்காலம் செல்மா ஃபேசியிடம் சொன்னாள். "சுண்ணாம்பு வாங்கி வை. டிசம்பர் வந்துடுச்சு."

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முன் எல்லோரும் கல்லறைக்கு வெள்ளையடிப்பது வழக்கம்தான். ஆனாலும் ஃபேசி முழித்தார். "புதருக்குள்ள அடிச்சு யாரு பாக்கப்போறா?"

"நீ வாங்கி வை."

இரண்டு பேரும் மூங்கிலுக்குள் தவழ்ந்து, மூன்று பூச்சு அடித்தார்கள். எட்டும் பால்வெள்ளையாகக் காய்ந்தன. ஐரிஸின் விரிசலை மட்டும் செல்மா மூடவிடவில்லை. அது இருக்கட்டும் என்றாள்.

திறப்பு விழா கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால். வராந்தாவில் மந்திரி, தூதர்கள், சீமாட்டிகள், கையில் சிவப்புச் சோரல் பானமும் ரம்மும். பதினோரு பேரும் அவரவருக்கு ஆணியடித்துக் குறித்த இடத்தில் நின்றோம் என்று ஃபேசி இன்னும் சொல்வார், தூக்கிய காலைத் தடவிக்கொண்டு. மாடுகளை இடதுபக்கம் பார்த்தபடி கட்டிப்போட்டிருந்தார்கள். செல்மா கூடையோடு நின்றாள். கூடையில் மெழுகுப் பழங்கள். பழங்களுக்கு அடியில் அவளுடைய பழைய வெட்டுக்கத்தி.

பென்னிகுக் ஒலிபெருக்கியில் பேசினார். "அன்பர்களே, எதிரே பாருங்கள். உழைப்பும் மகிழ்ச்சியும் ஒன்றாக இருந்த ஒரு காலம். ஒருவர் முகத்திலாவது துயரம் இருக்கிறதா?"

"ஏழாம் எண்ணுக்குப் பல்லு தெரியலை," என்று கிரிசில் முணுமுணுத்தார்.

ஏழாம் எண் கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். பழங்களைக் கொட்டினாள். கத்தியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வலது மூலைப் புதரை நோக்கி நடந்தாள். இடது கையால் மூங்கிலைக் கொத்தாகப் பிடித்துச் சாய்த்து, வலது கையால் தரையோடு வெட்டினாள். கரும்பு வெட்டுகிற வெட்டு அது. அடியில் ஒன்று, நுனியில் ஒன்று, வீசியெறிந்துவிட்டு அடுத்தது. ஐம்பத்தேழு வயதுக்காரி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வராந்தாவில் கைதட்டினார்கள். ஏதோ கலைநிகழ்ச்சி என்று நினைத்தார்கள். ஒரு தூதர் எழுந்து நின்றே தட்டினார். பென்னிகுக்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரும் தட்டினார்.

நான்காம் எண் காலை இறக்கிவைத்து அவளிடம் போனார். பிடில்காரன் பிடிலைப் புல்லில் வைத்துவிட்டுப் போனான். குதிரைக்காரன் குதிரையை விட்டான். கூடைக்காரிகள் போனார்கள். வெட்ட வெட்ட மூங்கில் சரிந்தது. முதல் கல்லறை தெரிந்தது. பிறகு இரண்டு, மூன்று. உச்சிவெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் குத்தியது. ஐந்தாவது தெரிந்தபோது கைதட்டல் நின்றுவிட்டது.

"அதென்ன வெள்ளையா?" என்று ஒரு சீமாட்டி கேட்டாள்.

"படத்தில் இல்லை," என்றார் பென்னிகுக். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தார். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. எட்டாவது கல்லறை, விரிசல் விட்ட மார்போடு, வெளியே வந்தது. அவர் குரல் உடைந்து கத்தினார். "ஏழாம் எண். உன் இடத்துக்குப் போ."

செல்மா நிமிர்ந்தாள். பாதி விரல்கள் உள்ள கையை அம்மாவின் கல்லறைமேல் வைத்தாள். அவளுக்கு ஒலிபெருக்கி இல்லை. ஆனால் கரும்புக்காட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பேசிப் பழகிய தொண்டை.

"என் இடத்துலதான்யா நிக்கிறேன். நீ பாத்துக்கிட்டே இரு."

கிரிசில் பழக்கத்தில் பிரதியைத் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணை மூடினார். பிறகு பிரதியை இறக்கிவிட்டு, இரண்டு கண்களாலும் பார்த்தார். இருநூறு வருஷமாக அந்த 'இனிய தோற்றத்தில்' யாரும் வேலை செய்ததில்லை. கீழே செல்மா பக்னர் குனிந்து, மிச்சமிருந்த மூங்கிலைத் தரையோடு வெட்டிக்கொண்டிருந்தாள்.